இரவல் திண்ணையில் ஒரு கடை

பத்திரிகையின் உயிர் செய்தியில் இருப்பதாகவே வாசகர்கள் நினைக்கிறார்கள். செய்தியாளர்களாகிய நாங்களும் அவ்வாறு நினைத்துக்கொள்வதில் மகிழ்ச்சியடைகிறோம். ஆனால், மாத முடிவில் எங்களுக்குச் சம்பளம் தந்தவை பெரும்பாலும் விளம்பரங்களே. 1990களின் நடுப்பகுதியில் நான் கொழும்பில் இத்தொழிலுக்கு வந்தபோது ஆசிரியபீடத்துக்கு மேல்மாடியும் விளம்பரப் பிரிவுக்குக் கீழ்த்தளமும் ஒதுக்கப்பட்டிருந்தன. மேலே இருந்தவர்களுக்குக் கீழே இருந்தவர்கள்மீது ஓர் இளக்காரம். கீழே இருந்தவர்களுக்கோ, தங்கள் உழைப்பில் நாங்கள் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம். இரண்டாவது எண்ணத்தில் உண்மை அதிகம்.

அந்த விளம்பரப் பிரிவில் ஒரு நடைமுறை இருந்தது. மரண அறிவித்தல் கொடுக்க வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பார்கள். ஐயம் எழுந்தால் இழவு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்துவார்கள். உயிரோடு இருப்பவருக்கு மரண அறிவித்தல் கொடுக்கும் விஷமிகள் அக்காலத்திலும் இருந்தார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்பு விளம்பரமென்றால் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பார்க்காமல் ஏற்கமாட்டார்கள். அப்படியிருந்தும் ஏமாற்று விளம்பரங்கள் சில தப்பிவந்து அச்சேறியதுண்டு. எனினும், விளம்பரம் செய்பவருக்கும் அதைப் படிப்பவருக்கும் நடுவே ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். 'இல்லை, இதைப் போடமுடியாது' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருந்தது.

அதே மேசை பலருக்குத் தடையாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விளம்பரத்துக்கான கட்டணம் நிரல் சென்ரிமீற்றர் கணக்கில் அறவிடப்பட்டது. தங்க நகைக் கடைக்காரரும் புடைவைக் கடைக்காரரும் அரைப்பக்கம் வாங்குவார்கள். வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவரோ, ஒரு தையல் இயந்திரத்தோடு தொழில் செய்பவரோ நான்கு வரி விளம்பரத்துக்குக்கூட இருமுறை யோசிக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய விளம்பரம் அயலவரின் வாய்ச்சொல்லே. அச்சொல் ஊரின் எல்லையோடு நின்றுவிடும்.

இந்த நிலையை மாற்றிய நிகழ்வுக்கு ஓர் ஆண்டைக் குறிப்பிட வேண்டுமானால் 2000 ஆம் ஆண்டைக் குறிப்பிடலாம். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் கூகுள் நிறுவனம் தனது விளம்பரச் சேவையை 350 விளம்பரதாரர்களுடன் ஆரம்பித்தது. பின்னர் அச்சேவையில் வேரூன்றிய முறை வணிகர்களுக்குப் புதுமையாக இருந்தது. விளம்பரம் எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது என்பதற்குப் பணம் இல்லை. எத்தனை பேர் அதைச் சொடுக்கி உள்ளே வந்தார்கள் என்பதற்கே பணம். ஒரு சொல்லைத் தேடுபவர் முன்னால் யாருடைய விளம்பரம் நிற்பது என்பது ஏலத்தின் மூலம் தீர்மானிக்கப்படும். அந்த ஏலத்திலும் பணம் மட்டும் பேசுவதில்லை. தேடுபவருக்குப் பொருத்தமான விளம்பரம், குறைந்த விலை கேட்டிருந்தாலும் மேலே வரக்கூடும். விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் பாதி வீணாகிறது, எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை என்ற ஒரு கூற்று வணிக உலகில் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வணிகரான ஜோன் வனமேக்கர் சொன்னதாகக் கூறுவார்கள். வீணாகும் பாதியை இனிக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

அந்த நம்பிக்கையின் விலையைக் கொடுத்தவர்களில் நாங்களும் அடக்கம். அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 49 பில்லியன் டொலராக உச்சத்தைத் தொட்டது. 2012 ஆம் ஆண்டில் அது ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிட்டது. எமது நாட்டில் அந்த அலை தாமதமாகவே வந்தது. ஆனால் வந்தது. வீடு, வாகனம், காணி விற்பனை விளம்பரங்கள் முதலில் இணையத்துக்குப் போயின. புலம்பெயர்ந்த உறவினர்கள் எங்கும் பரந்திருப்பதால் மரண அறிவித்தல்களும் பின்னால் போயின. பத்திரிகையாளன் என்ற முறையில் இதில் எனக்குக் கவலை உண்டு. ஆனால் என் கவலையைக் காரணங்காட்டி, சிறு வணிகர் ஒருவருக்குத் திறந்த கதவை மூடச் சொல்வது நியாயமாகாது.

அக்கதவின் வழியே நடந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும். வடமராட்சியைச் சேர்ந்த அவர் அறுபது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தம் கையால் வறுத்து, மில்லில் அரைப்பித்துத் தூள் விற்பவர். போர் முடிந்து சில ஆண்டுகள்வரை அவருடைய வாடிக்கையாளர்கள் அயலிலுள்ள முப்பது, நாற்பது குடும்பங்களே. கோயில் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகள் திரும்பிப் போகும்போது பயணப் பையில் இரண்டு கிலோ கொண்டுபோவார்கள். அவருடைய மகள் ஒரு சமூக வலைத்தளத்தில் அந்தத் தூளுக்கென ஒரு பக்கம் திறந்தார். அம்மா அடுப்படியில் நின்று மிளகாய் வறுக்கும் படமொன்றை அதில் போட்டார். அவ்வளவுதான் அவர்கள் செய்த சந்தைப்படுத்தல்.

2020 இல் கொரோனாத் தொற்றுக் காரணமாக விமானப் பயணங்கள் நின்றன. பயணப் பையில் தூள் போகும் வழி அடைபட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும் இருந்தவர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார்கள். சரக்கு முகவர்கள் பொதிகளை ஏற்கத் தொடங்கியதும் மாதம் இருபது கிலோவாக இருந்த விற்பனை நூறு கிலோவைத் தாண்டியது. அயலில் இரண்டு பெண்களுக்கு வேலை கிடைத்தது. எந்தப் பத்திரிகையின் நான்கு வரி விளம்பரமும் இதைச் செய்திருக்க முடியாது. இணையத்தின் வாய்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். இடையிலிருந்த தூரத்தை அது அழித்தது.

ஆனால், அந்தக் கடை விரிக்கப்பட்டிருந்தது இரவல் திண்ணையில். திண்ணைக்காரர் எப்போது கதவைச் சாத்துவார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. சில வேளைகளில் திண்ணைக்காரருக்கே தெரியாது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்ட தளங்களை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் மீண்டும் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கம். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போது, அரை நாளுக்கும் மேலாக அதே கதை. உயிர்கள் போய்க்கொண்டிருந்த நாட்களில் வியாபாரக் கணக்குப் பார்ப்பது பொருத்தமன்று. அந்தத் தடைகள் வன்முறையைத் தணித்தனவா என்ற விவாதமும் வேறு. ஆனால், அந்த நாட்களில் தொழிலின் முழு வாசலும் அத்தளங்களாக இருந்தவர்களின் கடைகள் சத்தமில்லாமல் மூடப்பட்டன என்பதும் உண்மை.

அரசாங்கம்தான் மூட வேண்டும் என்பதில்லை. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் செயலிழந்தன. நிறுவனத்தின் சொந்த வலையமைப்பில் பராமரிப்பின்போது ஏற்பட்ட தவறே காரணம். இந்தியாவில் 2020 ஜூன் 29 ஆம் திகதி டிக்டொக் உட்பட 59 சீனச் செயலிகள் தடைசெய்யப்பட்டன. அதில் இலட்சக்கணக்கானோரைத் திரட்டி வைத்திருந்த தமிழகத்துக் கலைஞர்களும் சிறு வணிகர்களும் மறுநாள் காலை பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இவை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த முடக்கங்கள். தெரியாமல் நடப்பது இன்னொன்று. 2018 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பேர்க், வணிக நிறுவனங்களினதும் ஊடகங்களினதும் பதிவுகளைக் குறைத்து, உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தார். பாவனையாளருக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் பத்தாயிரம் பேர் தம் பக்கத்தைப் பின்தொடர்கிறார்கள் என்று மகிழ்ந்திருந்த வணிகர், தாம் இடும் பதிவு அவர்களில் மிகச் சிலருக்கே போய்ச்சேர்வதைக் கண்டார். மற்றவர்களை அடைய வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். தாம் சேர்த்த வாடிக்கையாளருக்குத் தாமே வாடகை செலுத்தும் நிலை இது.

கட்டும் பணமாவது முழுப் பயன் தருகிறதா? சொடுக்குக்குப் பணம் என்ற முறை வந்தவுடனேயே போலிச் சொடுக்குகளும் வந்துவிட்டன. போட்டியாளரின் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சொடுக்கி அவருடைய பணத்தைக் கரைப்பவர்கள் கிளம்பினார்கள். இது தொடர்பாக விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கொன்றில் கூகுள் 2006 இல் 90 மில்லியன் டொலர் வரையிலான இணக்கத் தீர்வுக்குச் சம்மதித்தது.

ஈபே நிறுவனத்தில் பணியாற்றிய பொருளியலாளர்கள் செய்து, 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. தேடுபொறியில் 'ஈபே' என்ற தன் பெயரையே தேடுவோருக்குக் காட்டுவதற்காக அந்நிறுவனம் விளம்பரம் செய்துவந்தது. அதைப் பரீட்சார்த்தமாக நிறுத்திப் பார்த்தார்கள். இழந்த சொடுக்குகள் ஏறத்தாழ முழுவதும், விளம்பரமல்லாத சாதாரணத் தேடல் முடிவுகளின் வழியே இலவசமாகத் திரும்பி வந்தன. ஏற்கனவே கடைக்கு வந்துகொண்டிருந்தவரின் கையைப் பிடித்து அழைத்துவருவதற்கு அவர்கள் கூலி கொடுத்திருக்கிறார்கள். அதே ஆய்வில், ஈபேயை முன்பு அறியாதவர்களிடமும் அரிதாகவே பயன்படுத்தியவர்களிடமும் விளம்பரம் பலனளித்ததும் தெரிந்தது. சிறு வணிகர்களுக்கான பாடம் இங்கே இருக்கிறது. உங்களை அறியாதவரிடம் போய்ச் சேர்வதற்குப் பணம் கொடுக்கலாம். அறிந்தவரிடம் பேசுவதற்கு வேறு வழியை வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேறு வழி எவ்வளவு பெறுமதியானது என்பதை வடமராட்சி அக்காவின் கதையே எனக்குக் காட்டியது. 2022 இல், அவருடைய பக்கத்தைப் போலவே இன்னொரு பக்கம் அதே வலைத்தளத்தில் தோன்றியது. அதே பெயர். அடுப்படியில் அவர் நிற்கும் அதே படம். விலை மட்டும் சற்றுக் குறைவு. முற்பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு வேறு. வெளிநாட்டிலிருந்து பதினொரு பேர் பணம் அனுப்பிவிட்டுத் தூளுக்காகக் காத்திருந்தார்கள். மகள் அந்த வலைத்தளத்துக்கு முறைப்பாடு செய்தார். இயந்திரம் எழுதிய பதிலொன்று வந்தது. மீண்டும் முறைப்பாடு, மீண்டும் அதே பதில். போலிப் பக்கம் அகற்றப்படுவதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

"தம்பி, பேரும் என்ரை, படமும் என்ரை. காசு மட்டும் ஆரோ ஒருத்தனுக்குப் போயிருக்கு" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு எங்கள் கீழ்த்தள மேசையின் ஞாபகம் வந்தது. அப்படியொரு விளம்பரத்தோடு யாராவது அங்கு வந்திருந்தால் குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டிருக்கும். இன்றைய தளங்களில் அந்த மேசை இல்லை. கோடிக்கணக்கான விளம்பரங்களை மனிதர் பார்ப்பது முடியாத காரியம் என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மேசைக்கான செலவு மறைந்துவிடவில்லை; பணத்தை இழந்த அந்தப் பதினொரு பேரின் தலையிலும் அக்காவின் தலையிலும் அது ஏற்றப்பட்டது.

அவர் செய்த காரியங்கள் இரண்டு. அந்தப் பதினொரு பேருக்கும் தலா அரைக் கிலோ தூளைத் தம் செலவில் அனுப்பினார். "உங்களுக்கு இதில் பொறுப்பில்லையே அக்கா" என்றேன். "அவை என்ரை முகத்தைப் பாத்துத்தானே காசு போட்டவை. நான் எப்பிடி எனக்குத் தெரியாதெண்டு சொல்லுறது?" என்றார். இரண்டாவது காரியம், சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தது. முதல் நாளிலிருந்து தம்மிடம் தூள் வாங்கிய ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், உறைப்புக் கூடவா குறையவா என்ற விபரம் எல்லாவற்றையும் அவர் அதில் எழுதி வைத்திருந்தார். மகள் இரண்டு இரவுகள் விழித்திருந்து ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினார். முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அதன் பிறகு ஒருவர்கூட அந்தப் போலிக் கணக்குக்குப் பணம் அனுப்பியதாக அவர்களுக்குத் தெரியவரவில்லை. வலைத்தளத்துக்கு மூன்று வாரங்கள் எடுத்த வேலையை அந்தக் கொப்பி இரண்டு நாட்களில் முடித்தது.

நான் சொல்ல விரும்புவது இதுதான். வாடிக்கையாளரை அடையும் பாதை பிறருடையதாக இருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் வாடிக்கையாளர் யார் என்ற அறிவும், அவரோடு நேரே பேசும் வசதியும் வணிகரின் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் கடை திறப்பவர்களில் பலர் இதைத்தான் தளத்திடம் விட்டுவிடுகிறார்கள். கொப்பியை வைத்திருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பிறருடைய தகவல்களைச் சேகரிப்பவரின் பொறுப்புகளை வரையறுக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022 இல் நிறைவேற்றப்பட்டது. விற்பனைக்காகத் தந்த இலக்கத்தை விற்பனைக்கு விடக்கூடாது என்பது சட்டம் வருவதற்கு முன்பும் நியாயம்தான்.

நற்பெயர் என்ற விடயத்திலும் இதே இரட்டை முகம் உண்டு. 2017 இல் லண்டன் டல்விச் பகுதியில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப் அட்வைசர் தளத்தில் பதிவுசெய்தார். சவர நுரையைக்கொண்டு அலங்கரித்து உணவுப் படங்கள் எடுத்தார். நண்பர்களைக்கொண்டு பாராட்டுக் குறிப்புகள் எழுதுவித்தார். அவ்வாண்டு நவம்பரில், லண்டனிலுள்ள 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட உணவகங்களில் முதலாம் இடம் அந்தக் கொட்டகைக்குக் கிடைத்தது. அதுவரை அங்கே ஒருவருக்கும் ஒரு பிடி உணவுகூடப் பரிமாறப்பட்டிருக்கவில்லை. அவர் செய்தது அம்பலப்படுத்துவதற்கான விளையாட்டு. அதையே தொழிலாகச் செய்பவர்கள் பெருகியதால், அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதியை 2024 ஒக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பொய்ப் புகழ் எவ்வளவு இலகுவோ, மெய்யான முறைப்பாடு பரவுவதும் அவ்வளவு விரைவு. கனடாவைச் சேர்ந்த பாடகர் டேவ் கரோலின் கிட்டார் 2008 இல் யுனைட்டட் எயார்லைன்ஸ் பயணத்தில் உடைந்தது. நட்டஈடு கேட்டுப் பல மாதங்கள் அலைந்தும் கிடைக்கவில்லை. 2009 ஜூலையில் அவர் அந்த அனுபவத்தைப் பாடலாக்கி யூரியூபில் வெளியிட்டார். சில நாட்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். கிட்டாரைத் திருத்துவதற்கு ஆன செலவு ஏறத்தாழ 1,200 டொலர். அந்தத் தொகையை மிச்சப்படுத்தப் போய் அந்த விமான நிறுவனம் வாங்கிய பெயர் இன்றும் வணிகப் பாடங்களில் உதாரணமாகக் கூறப்படுகிறது. 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதிக்கு வரும் முறைப்பாட்டை நாங்கள் சுருக்கியும் சில வேளை தவிர்த்தும் விடுவோம். இணையத்தில் அப்படிக் கத்தரிக்க யாருமில்லை. ஆகவே, முறைப்பாடு வரும் அன்றே பதில் சொல்வதும், பிழையிருந்தால் ஒப்புக்கொண்டு திருத்துவதும் வணிகருக்கு இனி நல்ல குணம் மாத்திரமல்ல, காப்புறுதியும் ஆகும்.

ஊரில் தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்பவை சில. பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். பெயர் வளரத் தொடங்கினால் 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வணிகக் குறியையும் பதிவுசெய்யுங்கள். போலி ஒன்று வரும்போது உரிமையை நிரூபிக்கும் கடதாசி கையில் இருக்கும். சிறியதாயினும் சொந்த முகவரியில் ஓர் இணையத்தளம் வைத்திருங்கள். டொட் எல்.கே. முகவரிகளோடு, தமிழ் எழுத்திலேயே '.இலங்கை' என்று முடியும் முகவரிகளும் இன்று உண்டு. பொதியின்மேல் தொலைபேசி இலக்கத்தையும் வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் அச்சிடுங்கள். ஒரே தளத்தை நம்பியிருக்க வேண்டாம். கொப்பியை மறக்க வேண்டாம்.

வெளிநாடுகளில் இருந்து வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வரும் தூளோ, பனங்கட்டியோ, கைப்பணிப் பொருளோ, அதை விற்பவருக்கு நீங்கள் அனுப்பும் தொகை பெரிய உதவி. ஆனால், படத்தைப் பார்த்தவுடன் பணத்தை அனுப்பிவிட வேண்டாம். முதல் முறை வாங்குவதாயின் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். விலை வழமையைவிடக் குறைவாக இருந்தாலோ, கணக்கு இலக்கம் மாறியிருந்தாலோ கட்டாயம் பேசுங்கள். அக்காவின் போலிப் பக்கத்தைக் கண்டுபிடித்தவர் ஸ்காபரோவில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர்தான். கணக்கில் வேறொருவரின் பெயர் இருப்பதைக் கவனித்து, பணம் அனுப்பாமல் அவர் ஊருக்கு அழைப்பு எடுத்தார். அந்த அழைப்பு வந்திராவிட்டால், பணத்தை இழந்தவர்கள் பதினொரு பேரோடு நின்றிருக்க மாட்டார்கள்.